வீட்டு முன்பக்கத் தோட்டத்தில் செயற்கைப் புல்: சிமெண்ட் தளம் போட்டு ஒட்டுவதா, மண் மேலேயே விரிப்பதா?

திருநகர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் சொந்த வீடு. கேட்டில் இருந்து வராண்டாவுக்குப் போகும் நடைபாதைக்கு இடது பக்கம் 20 அடிக்கு 15 அடி இடம் இருக்கிறது. ரோட்டை ஒட்டிய பக்கம் 20 அடி, ரோட்டில் இருந்து வீட்டை நோக்கி 15 அடி. இடது மூலையில் மாமனார் வைத்த வேப்பமரம், இப்போது மாடியைத் தாண்டி நிற்கிறது. அதன் நிழல் பாதி இடத்துக்கு மேல் விழும். நடைபாதையை ஒட்டிய பக்கம் மட்டும் நாள் முழுக்க வெயில்.

வீடு கட்டிய புதிதில் நர்சரியில் கொரியன் புல் வாங்கிப் பதித்தோம். முதல் மழைக்காலம் வரை யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பார்கள். அப்புறம் மரத்துப் பக்கம் சொட்டை விழுந்தது. அந்தச் சொட்டையில் கோரை ஏறியது. இப்போது நடைபாதைப் பக்கம் கொஞ்சம் பச்சை, மீதி எல்லாம் கோரையும் வெறும் மண்ணும்தான். போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் புல் போனது என்கிறார் தோட்டக்காரர். அவரும் மூன்று முறை ஃபோன் செய்தால் ஒரு முறை வருவார்.

பிள்ளைகள் இருவர், ஆறு வயதும் மூன்று வயதும். ஐப்பசி கார்த்திகை முழுக்க வராண்டாவில் சேற்றுக் காலைத் துடைப்பதே எனக்கு வேலை. ராணி என்று ஒரு நாட்டு நாயும் இருக்கிறாள். தோண்டுவதற்கென்றே பிறந்தவள்.

சரி, செயற்கைப் புல்லைப் போட்டுவிடலாம் என்று மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். முதலில் வந்தவர், முழு இடத்துக்கும் கான்கிரீட் போட்டு அதன் மேல் பசை வைத்து ஒட்டினால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்கிறார். இரண்டாமவர், மண்ணை 2 அங்குலம் வெட்டி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) கொட்டி மட்டம் பண்ணி விரித்தால் போதும் என்கிறார். மூன்றாமவர் களையை மட்டும் பிடுங்கி வையுங்கள், வந்து விரித்து ஓரத்தில் ஆணி அடித்துவிட்டு ஒரே நாளில் போய்விடுவேன் என்கிறார்.

புல்லுக்கு மட்டும் சதுர அடிக்கு 45 ரூபாயில் இருந்து 90 ரூபாய் வரை சொல்கிறார்கள். சாம்பிளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விலை கூடக் கூட உயரம் கூடுகிறது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. 50 மி.மீ. போட்டால்தான் ரிச்சாக இருக்கும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே கேள்விதான்: சித்திரை வெயிலில் அதில் கால் வைக்க முடியுமா? மாமியாருக்கு வேறு கேள்வி: பொங்கலுக்கு அடுப்பு கூட்டுவது அந்த இடத்தில்தான், இனி எங்கே வைப்பது? போட்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ரீல்ஸ் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாமே போட்ட அன்றைக்கு எடுத்தவை.

வேர்ப்பிடிப்பு

போடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நீங்கள் எப்படியும் போடப் போகிறீர்கள் என்பது தெரிகிறது, இருந்தாலும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

300 சதுர அடியை பிளாஸ்டிக்கால் மூடினால் அதற்குக் கீழே மண்புழு இருக்காது, மேலே தட்டான் வராது. வெயிலில் காய்ந்து காய்ந்து இழை பொடியும். அந்தப் பொடி மழையோடு சாக்கடைக்குப் போகும். பத்து வருஷம் கழித்துச் சுருட்டி எடுத்தால் குப்பை வண்டிக்காரர் வாங்க மாட்டார். இழை ஒரு பிளாஸ்டிக், அடியில் பூசிய ரப்பர் பால் வேறு சரக்கு, அதைப் பிரித்து எடுக்க நம் ஊரில் ஆள் இல்லை.

பொடுதலை வைத்துப் பாருங்கள். வாய்க்கால் ஓரத்தில் படர்ந்து கிடக்குமே, பொடி தலைக்கு ஆகும் என்று பாட்டிகள் பறித்து வருவார்களே, அதே செடிதான். உப்புத் தண்ணீரைத் தாங்கும், வெட்ட வேண்டியது குறைவு, ஒரு கணுவைப் பதித்தால் தானே ஓடிப் பரவும். ஒரே ஒரு தொல்லை, சின்னச் சின்னப் பூவாகப் பூக்கும், அதற்குத் தேனீ வரும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் என்றால் பூக்கும் சமயத்தில் மேலாக ஒரு வெட்டு வெட்டிவிட வேண்டும். மரத்தடி நிழலுக்குப் பொடுதலை அவ்வளவாக வராது. அங்கே அகல இலைப் புல் கேட்டுப் பாருங்கள், நர்சரியில் நிழலுக்கு என்று சொன்னாலே எடுத்துத் தருவார்கள்.

கோவை விரிப்பாளன்

வணக்கம் சகோதரி. கோவையில் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் போடும் வேலை பார்க்கிறேன். கால்பந்து கோர்ட்தான் அதிகம், நடுநடுவே வீடு, மொட்டை மாடி, ஸ்கூல். புல் விற்பவன் இல்லை, விரிப்பவன். அதனால் பிராண்ட் பெயர் எதுவும் என்னிடம் கேட்க வேண்டாம். (இங்கே தெருவுக்கு ஒரு கோர்ட் வந்துவிட்டது, ராத்திரி 12 மணிக்கும் விளையாடுகிறார்கள். எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.)

முதலில் சிமெண்ட். உங்கள் இடத்துக்கு வேண்டவே வேண்டாம். மொட்டை மாடியில் தளம் ஏற்கெனவே இருக்கிறது, அங்கே ஒட்டுவதில் தப்பில்லை. மண் இருக்கும் இடத்தில் போய்க் கான்கிரீட் கொட்டினால் வேப்பமர வேர் என்ன செய்யும்? சும்மா இருக்காது, தளத்தைத் தூக்கும். 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், உங்கள் வீட்டிலும் குழி இருக்கும். அந்தக் குழி மூடி மேலேயே தளம் போட்டுப் புல் ஒட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்கு வராண்டா வரை தண்ணீர். இன்னொன்று, நாளைக்குப் புல் சலித்துப்போனால் சுருட்டி எடுத்துவிடலாம், கான்கிரீட்டை என்ன செய்வது? பிள்ளைகள் விழுந்தாலும் கீழே தளம் இருந்தால் முட்டி பெயரும்.

ஒரே நாளில் முடிக்கிறேன் என்ற மூன்றாமவர் ஃபோன் செய்தால் எடுக்காதீர்கள்.

இரண்டாமவர் சொன்னது பாதி சரி. வெறும் எம்-சாண்ட் மட்டும் என்றால் முதல் பெருமழையில் ஒரு பக்கம் அரித்து ஓடி, மேலே புல் அங்கங்கே பள்ளம் தட்டும். மணலுக்குக் கீழே ஜல்லி வேண்டும். செலவும் உழைப்பும் உண்மையில் அங்கேதான் இருக்கிறது, புல் விரிப்பது கடைசி அரை நாள் வேலை.

மண்ணை 6 அங்குலம் வெட்டி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அடித்தளத்துக்கு 4 அங்குலமே போதும், நான் 6 சொல்வது கோரைக்காக. கோரைக்கிழங்கில் பெரும்பகுதி அந்த மேல் அரை அடியில்தான் கிடக்கும். பவர் வீடர் (களை எடுக்கும் மெஷின்) மாதிரி எதையும் உள்ளே விடாதீர்கள். கிழங்குச் சரத்தை அறுத்தால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடி. வெட்டிய பிறகு தண்ணீர் தெளித்து ஒரு பத்து நாள் சும்மா விட்டுவையுங்கள். தப்பித்த கிழங்கு முளை காட்டும், அதைக் களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் தோண்டல். இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் அடுத்த கார்த்திகையில் எங்களைக் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். தக்காளி வயலில் போடும் மல்ச்சிங் ஷீட்டையே துளைத்து வருகிறது கோரை, நாம் விரிக்கும் துணி எம்மாத்திரம்?

கோரை ஓய்ந்த பிறகு நெய்யாத வகை ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விடும், மண்ணை விடாது), 150 ஜிஎஸ்எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராமுக்குக் குறையாமல். காசு மிச்சம் என்று கறுப்புப் பாலித்தீனை விரிக்க விடாதீர்கள், தண்ணீர் நின்று நாறும். துணி மேல் 3 அங்குலம் முக்கால் அங்குல ஜல்லியும் கிரஷர் டஸ்டும் (கல் உடைக்கும்போது வரும் தூள்) கலந்த கலவை. 300 சதுர அடிக்கு 3 அங்குலம் என்றால் 75 கன அடி, அதாவது முக்கால் யூனிட். அடித்தால் அமுங்கும் என்பதால் ஒரு யூனிட் இறக்குங்கள். அதற்கு மேல் 1 அங்குலம் தனி டஸ்ட், கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. இரண்டு அடுக்கையும் தனித்தனியாகத் தண்ணீர் தெளித்து, வாடகைக்குக் கிடைக்கும் கம்பாக்டர் மெஷினால் இறுக்க வேண்டும். சின்ன இடம்தானே, திமிசுக்கட்டையால் இடித்துவிடலாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வாட்டம் வீட்டில் இருந்து ரோட்டுப் பக்கம் இறங்க வேண்டும். 100க்கு 1 என்று வைத்தால் 15 அடிக்கு ஏறக்குறைய 2 அங்குலம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாலேயே பார்த்துவிட்டேன் என்று சொல்லும் ஆளிடம் ஒரு குடம் தண்ணீரைக் கொடுத்து ஊற்றச் சொல்லுங்கள்.

வேப்பமரத்தைச் சுற்றி 3 அடிக்கு எதுவும் செய்ய வேண்டாம். வெட்டவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம், தடித்த வேர் தெரிந்தால் அதற்கு ஏற்ற மாதிரி நாம்தான் விலகிப் போக வேண்டும். செங்கல்லை நட்டு வட்டம் கட்டிவிட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

அடுத்து ரோல் கணக்கு. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ரோல் அகலம் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி. உங்கள் 20 அடி நீளத்தில் ஓட்டினால் 15 அடியை மூட மூன்று பட்டை, மொத்தம் 60 அடி ஓட்டம், 390 சதுர அடிக்குக் காசு. மாற்றி 15 அடிப் பக்கமாக ஓட்டினால் மூன்று பட்டையிலேயே 19 அடி 8 அங்குலம் வந்துவிடும், 45 அடி ஓட்டம்தான். இணைப்பில் ஓரம் வெட்டுவதையும் சேர்த்து அரை அடி இடைவெளி நிற்கும். அதில் ஒரு வரிசை செங்கல்லோ கூழாங்கல்லோ போட்டு விடுங்கள். நூறு சதுர அடி மிச்சம். 20 அடி இருக்கிறது என்று நாலாவது பட்டை வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எல்லாப் பட்டையிலும் இழை ஒரே திசையில் சாய வேண்டும், வராண்டாவில் உட்கார்ந்து பார்ப்பவரைப் பார்த்த மாதிரி. ஒரு பட்டை திரும்பிவிட்டாலும் இரண்டு நிறம் மாதிரித் தெரியும், அதை அப்புறம் மாற்றவே முடியாது.

உயரம் 35 மி.மீ. போதும். கோர்ட்டில் 50 போடுகிறோம் என்றால் அதில் மணலும் ரப்பர் குருணையும் கொட்டி நிமிர்த்தி வைக்கிறோம். வீட்டில் 50 போட்டால் நாலு மாதத்தில் தலை சாய்ந்துவிடும், வேப்பிலையும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். 35க்குமே கொஞ்சம் சிலிகா மணல் தூவ வேண்டும், சதுர மீட்டருக்கு 5 கிலோ கணக்கு. உங்கள் இடம் 28 சதுர மீட்டர், 140 கிலோ, 50 கிலோ மூட்டை மூன்று. கொட்டேஷனில் மணல் என்ற வரியே இல்லாவிட்டால் கேளுங்கள். ரப்பர் குருணை வீட்டுக்கு வேண்டாம், கறுப்பாகக் காலில் ஒட்டி உள்ளே வரும்.

சாம்பிளை முன்னால் பார்ப்பதை விட்டுத் திருப்பிப் பாருங்கள். தையல் வரிசை நெருக்கமா, தண்ணீர் இறங்கத் துளை இருக்கிறதா என்று கவனியுங்கள். வெளிப்பக்கமாக மடித்தால் அடித்துணி பளிச்சென்று தெரிகிறதா? தெரிந்தால் இழை குறைவு. ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள், உங்கள் கையோடு வந்தால் ராணி வாயோடும் வரும். நிமிர்ந்த இழை பாலிஎத்திலீன் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அடியில் சுருட்டையாக இருப்பது பாலிப்ரொப்பிலீன், அது அப்படித்தான் இருக்கும். முழுப் புல்லும் அதுவே என்றால் விலை குறையும், ஆனால் வெயிலில் சீக்கிரம் முறுகிவிடும். வெயிலுக்கான யுவி வாரண்டியைத் தனியாகக் கேளுங்கள். வாயால் சொன்ன வாரண்டி எல்லாம் கணக்கில் வராது.

திருநகர்க்காரி

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. 45 அடி, 60 அடிக் கணக்கை வீட்டுக்காரரிடம் காட்டினேன், இன்று முழுக்க டேப்போடு வெளியிலேயே நிற்கிறார். மூன்று கொட்டேஷனையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் 400 சதுர அடி என்றுதான் போட்டிருக்கிறது! மணல் ஒன்றிலும் இல்லை.

வேர்ப்பிடிப்பு, நீங்கள் சொன்னதையும் ஒதுக்கவில்லை. பொடுதலை எங்கள் தெருக் கோடியிலேயே கிடக்கிறது.

வெயில் பற்றியும் நாய் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

தாம்பரம் மாடி

நாய்க்கு நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மொட்டை மாடியில் டைல்ஸ் மேல் விரித்திருக்கிறோம், இரண்டு நாய்கள். வாரம் முழுக்க அங்கேதான் ஒன்றுக்குப் போகும். நிஜப் புல் என்றால் மண் அதை இழுத்துக்கொள்ளும், இதில் அது அடித்துணியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது. மாசி பங்குனியில் வெயில் ஏற ஏற மூத்திர வாடை கிளம்பும் பாருங்கள், மாடிப்படியிலேயே மூக்கைப் பிடிக்க வேண்டும்.

தினமும் அது போகும் இடத்தில் இரண்டு வாளி தண்ணீர், வாரம் ஒரு முறை வினிகரைத் தண்ணீரில் கலந்து தெளித்துக் கழுவுதல். நாய்க்கடையில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது, அது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. பினாயில் ஊற்றாதீர்கள், வாடை இரண்டாகிவிடும், நாய் பாதத்தை நக்கும் வேறு. உங்களுக்குக் கீழே ஜல்லி வரப் போவதால் எங்கள் அளவுக்குக் கஷ்டம் இருக்காது என்று நினைக்கிறேன். மரத்தடி வட்டத்தை மண்ணாகவே விட்டு ராணியை அங்கே பழக்கிவிடுங்கள். தோண்டுவதற்கும் ஒரு இடம் வேண்டும் இல்லையா?

மத்தியானம் எங்கள் நாய்கள் புல் பக்கமே போகாது. தண்ணீர்த் தொட்டி நிழலில் வெறும் டைல்ஸில்தான் படுக்கும். வெயில் பற்றி அவற்றின் கருத்து அது.

இன்னொன்று, தீபாவளி. கம்பி மத்தாப்புப் பொறி விழுந்த இடமெல்லாம் பொத்தல். எரியாது, உருகிக் கட்டியாகி நிற்கும்.

ஓய்வு வாத்தியார்

அம்மா, பௌதிகம் நடத்தியவன், வெயில் கேள்வியை என்னிடம் விடுங்கள்.

நிஜப் புல் வேரில் இருந்து தண்ணீரை இழுத்து இலை வழியே ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பிளாஸ்டிக் இழைக்கு அந்த வழி கிடையாது, வாங்கிய சூட்டை வைத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் தங்கள் விளையாட்டுத் திடலை அளந்து பார்த்தார்கள். செயற்கைத் தரை தார் ரோட்டைவிட அதிகம் சுட்டது. தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தார்கள். சுமார் 79 டிகிரி செல்சியஸில் இருந்தது 29க்கு இறங்கியது, சந்தோஷம். ஐந்தே நிமிடத்தில் 49. இருபது நிமிடத்தில் 73. அது கறுப்பு ரப்பர் குருணை போட்ட திடல், உங்கள் வீட்டில் அவ்வளவு ஏறாமல் இருக்கலாம். ஆனாலும் மதுரையில் சித்திரை மத்தியானம் நேர் வெயிலில் மூன்று வயதுப் பிள்ளை வெறுங்காலோடு அதில் நிற்கக் கூடாது. தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால், எத்தனை நிமிடத்துக்கு என்று கேளுங்கள்.

ரப்பர் குருணை வேண்டாம் என்று விரிப்பாளர் சொன்னது சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதிப்படி, திடல்களில் கொட்டும் அந்தக் குருணையை 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே விற்க முடியாது.

அப்புறம், உங்கள் புல் செத்ததற்குத் தோட்டக்காரர் சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை. கொரியன் புல் உப்பை ஓரளவு நன்றாகவே தாங்கும். அதே போர் தண்ணீரைக் குடித்துத்தான் நடைபாதைப் பக்கத்துப் புல் இன்னும் பச்சையாக இருக்கிறது. செத்தது எங்கே? மரத்தடியில். காரணம் நிழல். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் அரங்கிலும் 1965இல் இதே கதைதான். கூரை போட்ட மைதானத்துக்குள் நிஜப் புல் வைத்தார்கள். கூரையில் பதித்த வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் பலகைகளில் வெயில் கூசிப் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் புகார் சொல்ல, அந்தப் பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சம் போச்சு, புல்லும் போச்சு. அடுத்த வருஷம் அங்கே விரித்ததுதான் ஆஸ்ட்ரோ டர்ஃப். அதாவது இந்தச் சரக்கு பெயர் வாங்கியதே வெயில் இல்லாத இடத்தில்தான்.

கோவை விரிப்பாளன்

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்த பிறகு என் முதல் பதிலைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன் சகோதரி.

முழு இடத்துக்கும் ஏன் போட வேண்டும்? நிழல் பக்கம் நிஜப் புல் வராது, ஆனால் செயற்கைப் புல் அங்கே அவ்வளவாகச் சுடாது, வெளுக்கவும் வெளுக்காது. வெயில் பக்கம் செயற்கைப் புல் சுடும், ஆனால் நிஜப் புல் அங்கே ஏற்கெனவே உயிரோடு நிற்கிறது. மரத்துப் பக்கம் இருந்து இரண்டு பட்டை மட்டும் ஓட்டுங்கள். 13 அடி அகலம், 30 அடி ஓட்டம், 195 சதுர அடி. நடைபாதையை ஒட்டிய 7 அடியில் இருக்கும் கொரியன் புல்லையே சரி பண்ணுங்கள், இல்லை பொடுதலை வையுங்கள். ஜல்லி, டஸ்ட், மணல் எல்லாமே மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஒரு இணைப்புதான் வரும். எனக்குக் கூலி குறையும் யோசனை, மதுரை வேலை என்பதால் சொல்கிறேன்.

நிழலில் இரண்டு தொல்லை உண்டு. மழைக்காலத்தில் இழை அடியில் பாசி பிடிக்கும், அதற்கு முரட்டு நைலான் துடைப்பம் போதும். கம்பித் துடைப்பம் கூடாது. அப்புறம் வேம்பு. மாசியில் சருகு, பங்குனியில் பூ, ஆனியில் பழம், வருஷத்தில் பாதி நாள் ஏதாவது கொட்டிக்கொண்டேதான் இருக்கும். பூவைக் காய்ந்த பிறகு கூட்டினால் வந்துவிடும். பழத்தை நசுங்கும் முன் பொறுக்க வேண்டும். பராமரிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் அவர் வீட்டில் மரம் இல்லை என்று அர்த்தம்.

பொங்கலுக்கு: வெயில் பக்கம் ஒரு மூலையில் 4 அடிக்கு 4 அடி கடப்பா கல் பதித்து விடுங்கள். கீழே மண், பக்கத்தில் நிஜப் புல், பிளாஸ்டிக்கில் இருந்து தள்ளி. அடுப்புக்கு அடியில் மூன்று செங்கல்லை வைத்து மண் பரப்பிக்கொண்டால் கல் வெடிக்காது. மத்தாப்பும் அங்கேயே.

மீதி வரும் துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். பொத்தல் விழுந்தால் அந்த அளவுக்கு வெட்டி ஒட்டலாம். ஆனால் பரணில் வைத்த துண்டு புதுசாகவே இருக்கும், தரையில் இருப்பது வெளுத்திருக்கும், ஒட்டினால் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் துண்டை வெளியே கால்மிதியாகப் போட்டு வையுங்கள், அதுவும் கூடவே வெளுத்துக்கொண்டு வரும்.

எதிர் வீட்டில் ஜன்னலுக்குப் பளபளவென்று ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே இடத்தில் விழுந்தால் இழை உருகும். நெருப்பே படாமல் கோடு கோடாகச் சுருண்டதைப் பார்த்திருக்கிறேன்.

வேர்ப்பிடிப்பு

பிளாஸ்டிக் 300இல் இருந்து 195 ஆகிவிட்டது. இன்னும் இரண்டு பேர் பதில் எழுதினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம்: பக்கத்திலேயே நிஜப் புல் இருந்தால் கோரை அங்கிருந்து கீழே வழியாக இந்தப் பக்கம் வராதா?

கோவை விரிப்பாளன்

வரும். நல்ல கேள்வி. இரண்டுக்கும் நடுவில் 15 அடி நீளத்துக்கு ஒரு செங்கல் சுவர் கட்ட வேண்டும். வெளியே தெரிவது 1 அங்குலம், மண்ணுக்குள் 9 அங்குலம், நல்ல சிமெண்ட் கலவை. புல்லின் ஓர ஆணியும் அதை ஒட்டியே இறங்கும். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. சுவரில் இரண்டு மூன்று இடத்தில் ஒரு அங்குலம் பிவிசி பைப் விட்டால் தண்ணீர் நிற்காது. பைப் வாயில் அதே ஜியோ துணியைக் கட்டிவிடுங்கள்.

திருநகர்க்காரி

முடிவு பண்ணிவிட்டோம். இரண்டு பட்டை, 35 மி.மீ., நடுவில் செங்கல் சுவர், வெயில் பக்கம் பாதி கொரியன், பாதி பொடுதலை. கடப்பா கல் 4 அடி போதாது, 5 அடி வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். மூன்று பானை வைப்பாராம். எதிர் வீட்டில் கண்ணாடி இல்லை, கம்பி ஜன்னல்தான்.

இரண்டாவதாக வந்த ஆளையே கூப்பிட்டு 6 அங்குலம் வெட்ட வேண்டும், ஜல்லி வேண்டும், மணல் வேண்டும் என்றேன். யார் மேடம் இதெல்லாம் சொன்னது என்று கேட்டார். பழைய கொட்டேஷனைக் கிழித்துவிட்டுப் புதுசு தருவதாகச் சொல்லி இருக்கிறார். அது வந்ததும் இங்கே போடுகிறேன், அண்ணா ஒரு பார்வை பாருங்கள். கோரை தோண்டும் வேலையை நாங்களே நாளைக்கு ஆரம்பிக்கிறோம். ராணியும் கூட வருகிறாள்.

கோவை விரிப்பாளன்

போடுங்கள், பார்க்கிறேன். கூலியைச் சதுர அடிக் கணக்கில் கேட்டால் 195க்கு மட்டும் கொடுங்கள். ஜல்லி இறக்கும் அன்று கம்பாக்டர் மெஷினும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு லாரியைத் திறக்கச் சொல்லுங்கள்.